நுவரெலியாவுக்குக் கூட்டாகப் போகிறவர்களுக்கு: கோயில், பள்ளி, சேர்ச், பன்சலை

கேட்டிருப்பவர் வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தங்கச்சி. ஒரே மாடிக்கட்டடத்தில் மூன்று குடும்பம். அவருடையது சைவம், எதிர்வீடு கத்தோலிக்கம், மேல்மாடி முஸ்லிம். மூன்று நாள் நுவரெலியா போகிறார்களாம். "குளிரையும் வாவியையும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அங்கே இருக்கிற எல்லா மதத்து வணக்கத்தலங்களுக்கும் எல்லாருமாகப் போக ஆசை. எங்கே போகலாம், எந்த ஒழுங்கில் போகலாம், எதைக் கவனிக்கவேண்டும்? அம்மாவுக்கு முழங்கால் வருத்தமும் இருக்கிறது" என்று கேட்கிறார்.

நான் கொட்டாஞ்சேனையில் இருந்து பதினெட்டு வருடம் வாடகை வான் ஓட்டியவன். அம்மாவின் ஊர் நானுஓயாப் பக்கம் ஒரு தோட்டம். அதனால் அந்தப் பாதையும் தெரியும், அந்தப் பாதையில் போகும்போது வானுக்குள் வருகிற மனஸ்தாபங்களும் தெரியும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒழுங்கு. எல்லாரும் வரைபடத்தை விரித்து, கிட்டக் கிட்ட இருப்பதைச் சேர்த்துத் திட்டம் போடுவார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். சித்திரை விடுமுறையில் ஒரு பெரிய குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனேன். ரம்பொடை ஏற்றத்தில் வாகனம் வாகனமாக நின்று, கோயில் வாசலுக்குப் போய்ச் சேரும்போது மதியப் பூசை முடிந்து கதவு சாத்தியாயிற்று. பின்னேரம் நகரத்துக்கு வந்தால் சேர்ச் பூட்டு. பள்ளியில் தொழுகை முடிந்து ஆள் இல்லை. அன்று முழுக்க நாங்கள் கும்பிட்டது கதவுகளைத்தான். திட்டம் போட்டது நான், ஆகவே பிழையும் என்னுடையதுதான்.

அதற்குப் பிறகு வரைபடத்தை விட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்க்கப் பழகினேன். ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் கூடி உயிர் வருகிற ஒரு நேரம் உண்டு. பள்ளிக்கு வெள்ளி மதியம், அம்மனுக்கு வெள்ளி மாலை, சேர்ச்சுக்கு ஞாயிறு காலை, பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்கு, போயா என்கிற பௌர்ணமி நாள், அது கிடைக்காவிட்டால் எந்த நாளும் பின்னேரம். ஆகவே நீங்கள் போகவேண்டியது வெள்ளி, சனி, ஞாயிறு. ஏப்ரல் மாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று நுவரெலியாவே அந்த மாதம் கொழும்பாகிவிடும். கடும் மழைக் காலமென்றால் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் போனால் நானுஓயாவில் இறங்கி மறுபடி வாகனம் பிடிக்கவேண்டும். மூன்று குடும்பம், வயதானவர்கள், பைகள் எல்லாம் இருப்பதால் வான்தான் சரி. வெள்ளிக்கிழமை விடியப் புறமாக நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள். போகும்போது அவிசாவளை, கித்துல்கல, ஹட்டன் பாதை. திரும்பும்போது ரம்பொடை, கம்பளை, பேராதனைப் பாதை. ஒரே வழியால் போய்வந்தால் பாதி மலைநாட்டைப் பார்க்காமலே வந்துவிடுவீர்கள்.

ஹட்டன் பாதையைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. வானம் தெளிந்த காலையில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூம்பு மலை தெரியும். அம்மா சிவனொளிபாதம் என்பார், எதிர்வீட்டார் ஆதாமின் சிகரம் என்பார்கள், மேல்மாடியில் இருப்பவர்கள் பாவா ஆதம் மலை என்பார்கள், வான் ஓட்டுபவர் சிங்களவராக இருந்தால் சிறீ பாத என்று சொல்லிக் கையெடுப்பார். 2,243 மீற்றர் உயரம், ஆயிரக்கணக்கான படிகள். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் போயா வரை பருவகாலம். முழங்கால் வருத்தத்தோடு ஏறுகிற மலை இல்லை அது. தூரத்திலிருந்து ஒரு கும்பிடு போதும்.

ஆனால் வானுக்குள் சொல்ல ஒரு கதை இருக்கிறது. 1344இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். புத்தளத்தில் அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. என்ன வேண்டும் என்று கேட்ட அரசனிடம், ஆதத்தின் பாதத்தைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என்றார் அந்த மொரோக்கோக்காரர். அரசன் ஒரு பல்லக்கைக் கொடுத்து, வருடா வருடம் மலைக்குப் போகிற நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், கூட இன்னும் பத்துப் பேர், சாமான் தூக்கப் பதினைந்து பேர் என்று அனுப்பிவைத்தான். ஒரு முஸ்லிம் பயணி, ஒரு தமிழ்ச் சைவ அரசன் கொடுத்த ஆட்களோடு, புத்தரின் பாதம் என்று சிங்களவர் வணங்குகிற இடத்துக்குப் போயிருக்கிறார். உங்கள் வானுக்குள் இருக்கப்போகிற கூட்டம் அதைவிடச் சின்னதுதான்.

பதினொரு மணிக்குள் நகரத்தில் இருந்தால் ஜும்ஆவுக்கு, அதாவது வெள்ளி மதியத் தொழுகைக்கு, அவசரமில்லாமல் போகலாம். மேல்மாடி ஆண்கள் வுழூச் செய்து, அதாவது கைகால் முகம் கழுவிக்கொண்டு, உள்ளே போகட்டும். மற்றவர்கள் ஜும்ஆ நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்க நினைக்கவேண்டாம், இடமும் இருக்காது. முதல் நாளே பள்ளி நிர்வாகத்தோடு தொலைபேசியில் கதைத்து, "தொழுகை முடிந்த பிறகு வேற்று மதத்தவர் சிலர் வந்து பார்க்கலாமா, பெண்கள் வரலாமா" என்று நேராகக் கேளுங்கள். இடத்துக்கு இடம் வழக்கம் வேறு. கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். கேளாமல் போய் வாசலில் நிற்கும்போதுதான் சங்கடம். இன்னொன்று கவனித்திருப்பீர்கள், நம் நாட்டுப் பள்ளிகளில் ஜும்ஆப் பிரசங்கம் பெரும்பாலும் தமிழில்தான். ஒலிபெருக்கியில் கேட்டால் எதிர்வீட்டு அம்மாவுக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். காத்திருப்பவர்களுக்கு விக்டோரியா பூங்கா இருக்கிறது. 1897இல் இங்கிலாந்து ராணியின் வைர விழாவுக்குப் பெயர் வைத்தது. நிழலும் வாங்கும் உண்டு.

அன்று பின்னேரம் காயத்ரி பீடம். லேடி மக்கலம் டிரைவில் இருக்கிறது. முருகேசு சுவாமிகள் அமைத்த இடம். காயத்ரி அம்மன் ஒரு பக்கம், லங்காதீஸ்வரர் ஒரு பக்கம். லிங்கம் நர்மதை நதியிலிருந்து வந்த பாணலிங்கம் என்பார்கள். கொழும்பில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் கருங்கல் மண்டபத்துக்குப் பழகிய அம்மாவுக்கு இந்த இடம் கோயில் மாதிரியும் இருக்கும், ஆச்சிரமம் மாதிரியும் இருக்கும். சத்தமில்லாத இடம். சும்மா இருந்துவிட்டு வாருங்கள்.

சனிக்கிழமைதான் பெரிய நாள். காலையிலேயே சீதா எலிய. நகரத்திலிருந்து பதுளைப் பாதையில் ஐந்து கிலோமீற்றர் அளவில், ஹக்கலைப் பூங்காவுக்கு முன்னால், தெருவோரமாகவே சீதையம்மன் கோயில். சீதையைச் சிறைவைத்த அசோகவனம் இதுதான் என்பது நம்பிக்கை. பின்னால் ஓடுகிற அருவியில் சீதை குளித்ததாகவும், பாறையில் இருக்கும் குழிகள் அனுமன் காலடி என்றும் காட்டுவார்கள். 2024 மே மாதம் இங்கே நடந்த கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு நதித் தண்ணீர் வந்தது. சுற்றுலாத் துறை ராமாயணப் பாதை என்று ஒன்றைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து இந்தியாவிலிருந்து வருகிறவர்களின் பேருந்துகள் வரிசையாக நிற்கும். அதனால்தான் காலை என்கிறேன்.

இது உண்மையிலேயே அசோகவனமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான் சொல்கிற பதில் இதுதான்: கல்வெட்டுக் காட்டி நிறுவக்கூடிய விஷயம் இல்லை. ஆனால் சுற்றுவட்டாரத் தோட்டத்துச் சனம், பேருந்துகள் வருவதற்கு முன்பிருந்தே இங்கே வந்து கும்பிட்டது. எனக்கு அது போதும். அம்மாச்சி என்னைச் சின்ன வயதில் கூட்டிப் போனபோது அவருக்குச் சீதை, கதையில் வருகிற அரசகுமாரி இல்லை. கடல் தாண்டி வந்து, மலையில் மாட்டிக்கொண்டு, ஊருக்குத் திரும்பிப் போக ஏங்குகிற பெண். தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் அப்படிப்பட்ட பெண்கள் இருந்தார்கள். அவர் அருவிக்கரையில் நின்று அழுதது எனக்கு நினைவிருக்கிறது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

செருப்பைக் கழற்றியதும் காலில் ஏறுகிற குளிரைப் பற்றியும் சொல்லவேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அந்தச் சீமெந்துத் தரை ஐஸ் கட்டி. அம்மாவுக்குத் தடித்த சொக்ஸ் ஒரு சோடி கூடுதலாக எடுங்கள். ஐயரிடம் "வயதானவர், சொக்ஸோடு வரலாமா" என்று கேட்டால், நான் கேட்ட இடமெல்லாம் தலையாட்டினார்கள்.

அங்கிருந்து ஹக்கலைப் பூங்கா எட்டிப்பிடிக்கும் தூரம். 1861இல் சின்கோனா வளர்க்கத் தொடங்கிய இடம். ஹக்க என்றால் சிங்களத்தில் தாடை. அனுமன் மருந்து மலையைத் தாடையில் கவ்விக்கொண்டு வந்த கதை அந்தப் பாறையின் பெயரிலேயே இருக்கிறது. நேரம் இருந்தால் இறங்குங்கள், இல்லாவிட்டால் நேராக வெலிமடைப் பக்கம் விடுங்கள்.

ஏனென்றால் அங்கே திவுரும்பொல இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் விடக்கூடாத இடம் இதுதான், ஆனால் நம் ஆட்கள் அதிகம் போவதில்லை. சீதை தீக்குளித்த இடம் என்பார்கள். ஆனால் அது ஒரு பன்சலை. பெரிய போதிமரம், விகாரை, வெள்ளை உடுத்து மலர்த் தட்டோடு வருகிற கிராமத்து ஆட்கள். பெயரின் அர்த்தம் சத்தியம் செய்கிற இடம். ஊரில் தகராறு வந்தால் இங்கே வந்து சத்தியம் பண்ணித் தீர்த்துக்கொள்கிற வழக்கம் உண்டு. சீதை தன் சொல்லை நெருப்பில் நிரூபித்தாள் என்பது நம் கதை. அதே மண்ணில் நின்று பௌத்தர்கள் தங்கள் சொல்லை நிரூபிக்கிறார்கள். காணிப் பிணக்கில் வந்த இரண்டு சகோதரர்களை நான் ஒருமுறை அங்கே கண்டேன். ஒருவர் உள்ளே போனார். மற்றவர் வாசல் வரைக்கும் வந்து, செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பன்சலையில் கவனிக்கவேண்டியவை கொழும்பில் இருக்கிற உங்களுக்குத் தெரிந்தவைதான், இருந்தாலும் விடுமுறைச் சந்தோஷத்தில் மறந்துபோகும். தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கக்கூடாது. பிள்ளைகளிடம் இதை வானிலேயே சொல்லிவிடுங்கள். பூ வாங்கினால் முகரவேண்டாம். இது நமக்கும் உள்ள வழக்கம்தானே, அம்மா சொல்லாமலே செய்வார். ஹாமுதுருவோடு, அதாவது பிக்குவோடு, கதைக்க நேர்ந்தால் அவர் இருக்கும் ஆசனத்தைவிட உயரத்தில் உட்காரவேண்டாம்.

தொப்பி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவில் இறங்கியதும் எல்லாரும் கம்பளித் தொப்பி வாங்கி மாட்டிக்கொள்வார்கள். அந்தத் தொப்பிதான் நாள் முழுக்கத் தொல்லை தரும். பன்சலையில் கழற்றவேண்டும். கோயிலில் கழற்றவேண்டும். சேர்ச்சில் ஆண்கள் கழற்றவேண்டும். பள்ளியில் மட்டும் தலையிலேயே இருக்கலாம். ஒருமுறை என் வானில் வந்த ஒரு பெரியவர் பள்ளி வாசலில் மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்ற, உள்ளே இருந்து வந்த இளைஞர் தன் தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்துவிட்டார். இருவரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள். பெண்களுக்கு ஒரு நல்ல நீளச் சால்வை இருந்தால் எல்லாம் சரி. பள்ளியில் தலைக்கு, பன்சலையில் தோளுக்கு, தெருவில் குளிருக்கு.

சனி மாலை, முடிந்தால், தெரிந்தவர் யாராவது இருந்தால் மட்டும், ஒரு தோட்டத்துக் கோயிலைப் பாருங்கள். மலையகத்து நம்பிக்கை நகரத்துக் கோபுரங்களில் இல்லை, தேயிலைக்குள்தான் இருக்கிறது. மஞ்சள் பூசிய ஒரு கல், ஒரு சூலம், கிழிந்த சிவப்புத் துணி, பக்கத்தில் பாதி எரிந்த சுருட்டு. அது முனியாக இருக்கலாம், மாடசாமியாக இருக்கலாம். தேயிலை ஆலைகளில் ரோதைமுனி என்று ஒரு சாமி உண்டு. ரோதை என்றால் சுழல்கிற சக்கரம். இயந்திரம் கையைப் பிடித்துவிடாமல் காப்பது அவர் வேலை. தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது கும்பிட கவ்வாத்துச் சாமியும் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த தெய்வங்கள் போதாமல், இங்கே வந்த பிறகு வெள்ளைக்காரனின் இயந்திரத்துக்கும் கத்திக்கும் தாங்களே சாமி உண்டாக்கிக்கொண்டார்கள். இவ்வளவு கெட்டிக்காரத்தனமான பக்தியை நான் வேறெங்கும் காணவில்லை. ஆனால் அங்கே சுற்றுலாக்காரர் மாதிரிக் கமராவோடு இறங்கக்கூடாது. அது சனங்களின் வீட்டு முற்றம்.

ஞாயிறு காலை எதிர்வீட்டாருக்காக. கத்தோலிக்கப் பூசைக்குப் புனித சவேரியார் தேவாலயம் இருக்கிறது. தமிழ்ப் பூசை எத்தனை மணிக்கு என்று சனிக்கிழமையே கேட்டு வையுங்கள், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நேரம் மாறி மாறி வரும். மற்ற இரண்டு குடும்பமும் பின்வாங்குகளில் இருக்கலாம். எல்லாரும் எழும்பும்போது எழும்புங்கள், முழங்காலிடும்போது சும்மா இருந்தால் போதும். நற்கருணைக்கு வரிசை போகும்போது நீங்கள் போகவேண்டாம். அது பிரசாதம் மாதிரி எல்லாருக்கும் கொடுப்பதில்லை. ஒரு அம்மா பக்தியோடு வரிசையில் போய் நின்றுவிட்டு, பூசை வைத்த சுவாமிக்கும் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அங்கிலிக்கன் திருச்சபையின் பரிசுத்த திரித்துவ ஆலயம். 1852இல் பிரதிஷ்டை செய்தது. நிறக்கண்ணாடி யன்னல்கள், முற்றத்தில் பழைய கல்லறைகள். வெள்ளைக்காரர் தங்கள் ஊர்க் குளிரைத் தேடி வந்து, தங்கள் ஊர்ச் சேர்ச்சையும் கட்டிக்கொண்ட நகரம் என்பது அங்கே நின்றால் விளங்கும். கல்லறை என்றதும் இன்னொன்று. கோல்ஃப் மைதானத்துப் பழைய மயானத்தில் மேஜர் ரொஜர்ஸ் என்பவரின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து செத்தார். அவருடைய கல்லறைக் கல்லிலும் இடி விழுந்தது என்று ஊரில் சொல்வார்கள். யானைப் பாவம் என்று எல்லா மதத்துக்காரரும் ஒரே குரலில் சொல்கிற ஒரே விஷயம் அந்த ஊரில் இதுதான் என்று நினைக்கிறேன்.

பத்து மணிக்குக் கிளம்பினால் ரம்பொடையில் மதியப் பூசைக்கு முன் நிற்கலாம். சின்மயா மிஷன் கட்டிய பக்த அனுமன் கோயில், 2001இல் திறந்தது. பதினெட்டு அடி அனுமன் எழுந்து நிற்கிறார், முன்னால் கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது. ராமர் படை திரண்ட இடமென்பதால் ரம்பொடை என்று பெயர் விளக்கமும் சொல்வார்கள். பௌர்ணமியில் விசேஷ பூசை உண்டு, அன்று போயா விடுமுறையுமாதலால் கூட்டம் நெரியும். அம்மாவுக்காக வாகனம் எதுவரை மேலே போகும் என்று கீழேயே கேட்டுவிடுங்கள்.

இனி வானுக்குள் நடக்கிற விஷயம். கொழும்பில் நாம் ஒருவர் வாசலுக்கு ஒருவர் போவது புதிதில்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரி கொளுத்துகிறவர்களில் எத்தனை பேர் பொட்டு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் தெவட்டகஹ பள்ளியில் ஒரு அவுலியா, அதாவது இறைநேசர், அடங்கிய தர்ஹாவுக்கு எல்லாச் சாதிச் சனமும் போகிறது. எண்ணெய்ப் பானை உடைந்து அழுத ஒரு சிங்களப் பெண்ணுக்கு அந்த அவுலியா இரங்கியதாகத்தான் அந்த இடத்தின் கதையே தொடங்குகிறது. ஆனால் அங்கெல்லாம் நாம் தனித்தனியாக, நமக்கென்று ஒரு கஷ்டத்தோடு, ஒரு நேர்த்தியோடு போகிறோம். கூட்டாகப் போகும்போது அப்படி இல்லை. ஒருவர் உள்ளே போனால் மற்றவரும் போகவேண்டும் என்று ஒரு கட்டாயம் தானாக வந்துவிடும்.

அதை மட்டும் வரவிடாதீர்கள். உங்கள் மேல்மாடிக்காரர் கோயில் வாசல் வரை வந்து நின்றுகொள்ளலாம். விபூதித் தட்டு நீளும்போது அவர் கையை நீட்டாவிட்டால் அது குறையில்லை. அர்ச்சனைப் பழத்தை "எடுங்க, ஒன்றும் செய்யாது" என்று வற்புறுத்தவேண்டாம். அதேமாதிரி பள்ளிக்குள் போக அம்மாவுக்குத் தயக்கம் இருந்தால், வெளியே வாங்கில் இருக்கட்டும். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு மூன்று குடும்பமும் பிளேன்டீ குடித்துக்கொண்டு, "எனக்கு இதுவரை வரலாம், இதற்கு மேல் வேண்டாம்" என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். என் வானில் வந்த சண்டைகளில் பாதி, அப்படிச் சொல்லாமல் போனதால் வந்தவை.

மீதிப் பாதி சாப்பாட்டால் வந்தவை. வெள்ளிக்கிழமை சைவக்காரருக்கு மச்சம் ஆகாது, முஸ்லிம்களுக்கு ஹலால் பார்க்கவேண்டும், பிள்ளைகள் கோழி கேட்பார்கள். மூன்று நாளும் மதியத்தில் எல்லாருக்குமாக மரக்கறிச் சாப்பாடு, இரவில் அவரவர் விருப்பம் என்று வைத்தால் பிரச்சினை இல்லை. கரட்டும் லீக்ஸும் பிடுங்கிய சூட்டோடு கிடைக்கிற ஊர் அது, மரக்கறி சாப்பிட யாரும் அழமாட்டார்கள்.

திரும்பி வரும்போது புசல்லாவை தாண்டுகிற வரைக்கும் மரக்கறி வாங்கவேண்டாம். வானில் ஏற்கனவே பூமாலை, மெழுகுதிரி, ஈரச் சொக்ஸ் எல்லாம் மணந்துகொண்டிருக்கும்.